பத்து விரலும் இருந்த ஆள்

"இருபது நிமிஷம் தர்றேன். அதுக்கப்புறம் இவர ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மணி மூன்று முப்பத்தைந்து. இன்ஸ்பெக்டர் அம்மாள்மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. ஆனால் பதினோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். கடிகாரத்தைக் காட்டி மிரட்டுகிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்குப் பிடிக்காது.

'இவர்' என்று அவர் சொன்ன ஆள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து காணாமல் போயிருக்கும் பெண்ணின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு பேருக்கும் நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கம்பெனியில்தான் வேலை. "எங்க அக்காவக் காணோம், உடனே வாங்க" என்று மத்தியானம் எங்களுக்குப் போன் செய்தவரும் அவர்தான். நாங்கள் வந்து சேர்வதற்குள் கட்சிக்காரரே குற்றவாளியாகி, பின்னால் ஒரு கான்ஸ்டபிளும் முளைத்துவிட்டார். எங்கள் ராசி அப்படி.

எங்கள் என்றால் நானும் அத்தானும். அத்தான் என்றால் என் அக்காள் புருஷன். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயர். எரிந்த கடை, முழுகிய குடோன், கவிழ்ந்த லாரி என்று பார்த்துப் பார்த்து, நல்லபடியாக இருக்கிற எதையும் நம்பாமல் போய்விட்ட மனிதர். இப்போது தனியார் துப்பறிவாளர். நான் அவருக்கு உதவியாளர். அக்கா போட்டுக் கொடுத்த உத்தியோகம், ராஜினாமா செய்ய வழியே இல்லை.

மேஜையின் நடுவில் ஒரு நீல இன்ஹேலர் கிடந்தது. காணாமல் போனவருடையது. ஆஸ்துமாக்காரர். பையையும் போனையும்கூட மறந்து போவாராம், இதை மட்டும் மறக்க மாட்டாராம். இன்றைக்கு மறந்திருக்கிறார்.

"உங்க பக்கம் என்ன வச்சிருக்கீங்க, மேடம்?" என்று கேட்டார் அத்தான்.

"நேத்து சாயங்காலம் அக்காளும் தம்பியும் போன்ல சண்டை. 'நீ இல்லாட்டி நான் நிம்மதியா இருப்பேன்'னு இவர் கத்தினது அக்காவோட போன்லேருந்து பக்கத்து மேஜை வரைக்கும் கேட்டிருக்கு. இன்னைக்குக் காலையில பத்து அம்பத்திரண்டுக்குக் குடோன் கதவு இவரோட கார்டுல திறந்திருக்கு. அதே நேரம் நடந்துக்கிட்டிருந்த கூட்டத்துல இவரு ஆளாவே இல்ல. மூஞ்சி இல்லாத பொம்மையா பதினோரு நிமிஷம் நின்னிருக்காரு. வீடு இங்கேருந்து நடந்தா அஞ்சு நிமிஷம். இன்னும் என்ன வேணும்?"

தம்பி தலையை நிமிர்த்தினார். "கார்டு இங்க என் டிராயர்லதான் கிடக்கும் மேடம். ஆறு மாசமா நான் வீட்லேருந்துதான் வேலை செய்றேன். யார் வேணா எடுத்திருக்கலாம்."

"சண்டை எதுக்கு?" என்றார் அத்தான்.

"புது வெர்ஷன நாளைக்குக் கண்காட்சியில வைக்கப் போறாங்க. அதுல ஒரு வசதி சேத்திருக்காங்க. அத அவ பொய்னு சொன்னா. கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா. என்னையும் கூட நிக்கச் சொன்னா. எனக்கு வேலை போயிடுமோன்னு பயம் சார். பயத்துல என்ன பேசுறோம்னு தெரியுதா?" தலையை மறுபடி கவிழ்த்துக்கொண்டார். "நிம்மதியா இருப்பேன்னு சொல்லிட்டேன். அவ உடனே போன வச்சுட்டா."

இந்தக் கம்பெனியின் வியாபாரத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஹெட்செட் என்று ஒரு கண்ணாடியைக் கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால், ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். ஒவ்வொருவருக்கும் அவரவர் சாயலில் ஒரு பொம்மை உடம்பு. அவதார் என்கிறார்கள். நீங்கள் தலையைச் சொறிந்தால் அதுவும் சொறியும். இதையெல்லாம் இன்டர்நெட் லைன் வழியாக அனுப்ப வேண்டும். லைன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லையே? லைன் மெலிந்தால் உடம்பில் எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவு செய்வதுதான் காணாமல் போன அக்காவின் வேலை. கம்பெனியில் அவருக்குச் 'சிக்கனம்' என்றே பெயர். அந்தப் பெயருக்குத்தான் திரும்பியும் பார்ப்பாராம்.

"கட்டடம் முழுக்கத் தேடியாச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தப் பட்டினிப் பெட்டியக்கூடத் திறந்து பாத்தாச்சு. காலி."

பட்டினிப் பெட்டி என்பது சோதனைக் கூடத்தில் நிற்கிற ஓர் இரும்பு அலமாரி. ஒருவர் உள்ளே நின்று ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளலாம். ரப்பர் வைத்த கதவைச் சாத்தினால் வெளி லைன் எதுவும் உள்ளே போகாது. பெட்டியின் தலையில் இருக்கிற ஆன்டெனா வழியாக, வெளியே இருக்கும் திருகைத் திருப்பிய அளவுக்குத்தான் போகும். மெலிந்த லைனில் பொம்மை எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்பதற்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். பட்டினி போட்டுப் பார்க்கிற பெட்டி.

"அந்தக் கூட்டத்தப் பாக்கணும்" என்றார் அத்தான்.

கூட்டம் பதிவாகியிருந்தது. அத்தான் ஒரு ஹெட்செட், நான் ஒன்று. தம்பியைச் சுவர்த்திரையில் இணைப்பைக் கொடுக்கச் சொன்னார்கள். நாங்கள் பார்ப்பதை இன்ஸ்பெக்டரும் பார்க்கலாம்.

மாட்டிய உடனே நான் ஒரு பெரிய மண்டபத்தில் இருந்தேன். நீள மேஜை, எட்டு நாற்காலி, ஆறு பேர். சட்டைக் காலரின் தையல்கூடத் தெரிந்தது. குனிந்து மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தேன். எல்லோருக்கும் செருப்பு வரைக்கும் இருந்தது.

"என்னடா தேடுற?"

"சும்மாதான் அத்தான். டிக்கெட் எடுக்காத ஆளு யாராவது கீழ இருக்காங்களான்னு."

பத்து நாற்பதுக்கு மண்டபம் ஒரு தடவை நடுங்கியது. அந்த நேரத்தில்தான் வெளித்தெருவில் பள்ளம் தோண்டிய இயந்திரம் ஒன்று கேபிளைக் கொத்திவிட்டது என்றார் தம்பி. கம்பெனி முழுக்க ஓர் ஒல்லியான மாற்று லைனுக்குப் போய்விட்டது. பிறகு நடந்ததைப் பார்க்கத்தான் வேண்டும். முதலில் எல்லோருடைய நிழலும் போனது. அடுத்து இடுப்புக்குக் கீழே காலியானது. ஆறு பேரும் அரை உடம்போடு நாற்காலிமேல் மிதந்தார்கள். அப்புறம் விரல்கள் ஒட்டிக்கொண்டு, கைகள் துடுப்பு மாதிரி ஆகிவிட்டன. ஒரு பெரிய மனிதர் துடுப்பால் கன்னத்தைத் தட்டி யோசித்தார். மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"லைன் மெலிய மெலிய ஒவ்வொண்ணா கழட்டுவோம்" என்று தம்பி விளக்கினார். "நிழல், கால், விரல், அப்புறம் முகம். குரல கடைசி வரைக்கும் விட மாட்டோம். எங்க வீட்டு லைன் எப்பவுமே மோசம். அதான் எனக்கு முகமும் போயிடுச்சு."

ஆமாம், போயிருந்தது. ஐந்தாவது நாற்காலியில் கண்ணும் மூக்கும் இல்லாத முட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" என்று கரகரத்த குரலில் இரண்டு முறை கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. அது துடுப்பைத் தூக்கி மூக்கு இருக்க வேண்டிய இடத்தைத் தேய்த்தது.

"நிறுத்து" என்றார் அத்தான்.

மண்டபம் உறைந்தது. மணி பத்து ஐம்பத்திரண்டு. குடோன் கதவு திறந்த நிமிஷம்.

"மச்சான், விரல எண்ணு."

"யாரு விரல?"

"எல்லாரோடதையும்."

எண்ணினேன். முதல் ஆள் பூஜ்யம். இரண்டாவது ஆள் பூஜ்யம். மூன்றாவது ஆளிடம் வந்ததும் மறுபடி ஒரு தடவை எண்ணினேன். பத்து. நகம் இருந்தது. மோதிரம் இருந்தது. மேஜைக்கடியில் பார்த்தால் பளபளவென்று ஷூ. தரையில் அழகான நிழல். நெற்றிச் சுருக்கம்வரை சுத்தமாக இருந்தது. கம்பெனியின் ஜெனரல் மேனேஜர்.

"லைன் எல்லாருக்கும் ஒண்ணுதானே? இவருக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு?" என்றேன். "மேனேஜர்னா மெஷினும் பயப்படுமா?"

அத்தான் ஹெட்செட்டைக் கழற்றினார். கண் இரண்டும் மின்னின. "எரிஞ்ச கடைக்குப் போனா எல்லாரும் எரிஞ்சத பாப்பாங்க. நான் எரியாதது எதுன்னு பாப்பேன். தம்பி, உங்க அக்கா பொய்னு சொன்னாங்களே, அந்த வசதி என்ன?"

தம்பியின் முகம் வெளுத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் புரியவில்லை.

"நிரப்புன்னு பேரு சார். எங்க சிஸ்டம் படு கஞ்சம். ஆளு அசைஞ்சாதான் லைன்ல ஏதாவது அனுப்பும். மூச்சு விட்டாக்கூடத் தோள் அசையும், அது போதும். ஆனா ஹெட்செட்டக் கழட்டி மேஜையில வச்சுட்டா ஒண்ணுமே வராது. பொம்மை பொணம் மாதிரி நிக்கும். அது பாக்க நல்லா இல்லன்னு, இருபது செகண்டுக்கு மேல ஒண்ணும் வரலேன்னா மெஷினே சும்மா தலையாட்ட வைக்கும், கண் சிமிட்ட வைக்கும். அந்தப் பொம்மை லைன் வழியா வர்றதில்ல சார். பாக்குறவங்க மெஷின்லயே முழுசா சேத்து வச்சிருக்கிறது."

"அதனால லைன் எப்படி மெலிஞ்சாலும் அது மெலியாது."

"மெலியாது."

அத்தான் மீண்டும் ஓடவிட்டார். மேனேஜர் தலையை ஆட்டினார். கண்ணைச் சிமிட்டினார். யாரோ எதையோ கேட்டார்கள். மேனேஜர் இனிமையாகத் தலையை ஆட்டினார். பதினோரு நிமிஷத்துக்கு வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகூட அதைவிட நாலு வார்த்தை அதிகமாகப் பேசியிருப்பான்.

"மேடம்" என்றார் அத்தான், "முகமில்லாம மூக்கத் தேய்ச்சான் பாருங்க, அவன் அந்த நேரம் முழுக்க அங்க இருந்தான். முகமும் நகமும் நிழலுமா உக்காந்திருந்தவர்தான் அங்க இல்ல."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். எழுந்து கதவைத் திறந்து, "ஜி.எம்ம கூட்டிட்டு வாங்க" என்று கத்தினார்.

அவர் சிரித்த முகத்தோடு வந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். சுவர்த்திரையில் தன் உருவமே தன்னைப் பார்த்துத் தலையாட்டுவதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"பத்து நாப்பத்தொன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும் எங்க சார் இருந்தீங்க?" என்றார் அத்தான்.

"கூட்டத்துல. எல்லாரும் பாத்தாங்களே."

"உங்க பொம்மையப் பாத்தாங்க. நீங்க இந்த வசதிய எங்க சோதிச்சுப் பாத்தீங்க?"

"என் ரூம்ல. அருமையா இருந்துச்சு. நிஜ ஆளுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல."

"உங்க ரூம் லைன் கொழுத்த லைன். அதுல எல்லாருமே முழுசாத்தான் தெரிவாங்க. ஒரு தடவ பட்டினிப் பெட்டிக்குள்ள நின்னு பாத்திருந்தா, இது எவ்ளோ பெரிய மடத்தனம்னு தெரிஞ்சிருக்கும். அந்த அம்மா எங்க?"

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். உதட்டை நக்கினார். "என் வக்கீல் வரட்டும்" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மிரட்டினார். அத்தான் நயமாகப் பேசினார். தம்பி எழுந்து கும்பிட்டே விட்டார். "சார், அவளுக்கு மூச்சுத் திணறும் சார். இன்ஹேலர் இங்க கிடக்கு. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க சார்." மனிதர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மணி மூன்று ஐம்பத்தெட்டு. அவர் கழுத்தைப் பிடித்துக் குலுக்க என் கை பரபரத்தது. பேசாமல் இருக்கிறவனை என்ன செய்ய முடியும்?

கையை அடக்கிக்கொள்ளத்தான் ஹெட்செட்டை மறுபடி எடுத்து மாட்டினேன். பதிவு முடிந்து, அது நேரடி மண்டபத்துக்குப் போயிருந்தது. காலி மேஜை, காலி நாற்காலிகள். எட்டாவது நாற்காலிக்கு மேலே ஒரு வெள்ளைத் துரும்பு. கழற்றிச் சட்டையால் துடைத்தேன். மாட்டினேன். அப்படியே இருந்தது.

"கண்ணாடியெல்லாம் தூசி அத்தான். இவங்க துடைக்கிறதே இல்ல போல."

"எனக்கும் இருந்துச்சு" என்றார் தம்பி ஏதோ ஞாபகத்தில். "காலையில கூட்டம் முடிஞ்சப்புறமும் மூணு தடவ தொடச்சேன், போகவே..."

வாக்கியம் முடியவில்லை. நான் தலையை இடப்பக்கம் திருப்பினேன். கண்ணாடியில் ஒட்டிய தூசி என்றால் கூடவே திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. அந்த நாற்காலிக்கு மேலேயே நின்றது.

தம்பி என் தலையிலிருந்து ஹெட்செட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். "ஐயோ" என்றார். "ஐயோ, அக்கா."

"என்னய்யா அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடைசிப் படி மேடம். குரலும் போற அளவுக்கு லைன் மெலிஞ்சா ஆளையே எடுத்துடலாம்னு நாங்க எல்லாரும் சொன்னோம். அவதான் விடல. ஒரு பொட்டாவது நிக்கணும், ஆள் இருக்குன்னு தெரியணும்னு ஒரு மாசம் சண்டை போட்டா. தலை எந்தப் பக்கம் அசையுதுன்னு மட்டும்தான் அதுல வரும். பெட்டிக்கு வெளிய அவ்ளோ மெலிஞ்ச லைன் யாருக்குமே வராது. அதனால நாங்க யாரும் மண்டபத்துல அதப் பாத்ததே இல்ல." முகத்தில் அறைந்துகொண்டார். "எதிர்லயே நின்னிருக்கா. நான் அவள தூசின்னு தொடச்சேன்."

"ஆனா பெட்டி காலியா இருக்கே!"

தம்பி காதில் வாங்கவில்லை. "அக்கா, நான்தான். கேக்குதா?"

சுவர்த்திரையில் அந்தப் பொட்டு குதித்தது.

"ஆட்டுறா! தலைய ஆட்டுறா!"

எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. பொட்டு மறுபடி குதித்தது. இப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு குதி, சிறு இடைவெளி, இன்னொரு குதி. அப்புறம் மெல்ல முன்பக்கம் ஒரு சாய்வு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதேபோல இரண்டு குதி. என் உள்ளங்காலுக்குத் தெரிந்த கணக்கு அது.

"அத்தான், இது தலையாட்டல் இல்ல."

"பின்ன?"

"வேகத்தடை. முன் சக்கரம் ஒரு குதி, பின் சக்கரம் ஒரு குதி. நடுவுல இவ்ளோ நேரம் ஆகுதுன்னா நீளமான வண்டி. லாரி. முன்னால சாயுறது பிரேக். பதினோரு வருஷம் கம்பியப் புடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்சவன் நான். அந்த அம்மா லாரியில போறாங்க."

மேனேஜரைப் பார்த்தோம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பழைய பெட்டி!" என்று அலறினார் தம்பி. "கண்காட்சிக்கு அனுப்புற பழைய பட்டினிப் பெட்டி! அது குடோன்லதான் இருந்துச்சு!"

"நேத்தே பலகை அடிச்சு மூடியாச்சுன்னு இந்த ஆளுதான் சொன்னாரு" என்ற இன்ஸ்பெக்டர், ஒரே எட்டில் மேனேஜரின் காலரைப் பிடித்துவிட்டார்.

உடைந்தார் மனிதர். "அஞ்சு மணிக்குள்ள அவ கையெழுத்து வரலேன்னா நானே போடலாம்னு விதி. அனுப்புறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ சோதிக்கிறேன்னு உள்ள போனா. அவ தம்பியோட கார்ட எடுத்துட்டுப் போய் வெளித் தாழ்ப்பாளப் போட்டேன். அவ்ளோதான். அஞ்சு மணிக்குத் திறந்துட்டு, கதவு சிக்கிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம்னுதான்... சாயங்காலம் வர வேண்டிய பேக்கிங் ஆளுங்க ஒரு மணிக்கே வந்துட்டாங்க. அப்ப போலீஸ் மாடியில இருந்துச்சு. நான் எப்படிச் சொல்றது? நேரம் ஆக ஆக வாயே வரல." அழுதார். "உள்ள ஃபேன் இருக்கு மேடம். காத்து வரும்."

"ஃபேன் கரண்ட்ல ஓடுறது" என்றார் தம்பி மிக மெதுவாக. "லாரியில ஏத்துறப்பவே ப்ளக்கப் புடுங்கியிருப்பாங்க. பேட்டரி ஹெட்செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் மட்டும்தான்."

ஐந்து மணி நேரம். ரப்பர் வைத்து அடைத்த ஓர் அலமாரிக்குள், மூச்சுத் திணறுகிற ஒரு பெண். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கணக்கு ஒரே சமயத்தில் முடிந்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் பேயாய் ஓடியாடினார். டிரைவர் போனை எடுக்கவில்லை. வண்டி எண்ணைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் சொன்னார். நெடுஞ்சாலையில் நின்ற ரோந்து வண்டி கிளம்பிவிட்டது. நாங்கள் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், பொட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது. அது சிலுசிலுவென்று நடுங்கிக்கொண்டே இருந்தது. "நல்ல ரோடு, அறுபதுல போறான்" என்றேன். அதற்குமேல் என் வாயிலிருந்து கிண்டல் வரவில்லை. "அக்கா, இதோ வந்துட்டாங்க, இன்னும் கொஞ்சம்தான்" என்று தம்பி விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

நாலு பதினேழுக்குப் பொட்டு முன்னால் சாய்ந்தது. நின்றது.

"நிறுத்திட்டாங்க!" இன்ஸ்பெக்டர் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அந்தப் பக்கம் ஹாரன் சத்தம், ஆட்கள் ஓடும் சத்தம், பலகையில் கடப்பாரை விழும் சத்தம்.

அப்போதுதான் அது நடந்தது. பொட்டு இருந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஒரு நொடியில் முழு உருவம். முகம், கண்ணாடி, காதோரத்து நரைமுடி. எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்ணைச் சிமிட்டினார்.

"அக்கா!" தம்பி துள்ளி எழுந்தார். நான் கை தட்டியேவிட்டேன். கான்ஸ்டபிள்கூடச் சிரித்தார். "கதவு திறந்துடுச்சு, லைன் கிடைச்சிடுச்சு" என்று ஏதேதோ சொன்னேன்.

அத்தான் மட்டும் அசையவில்லை. அவர் பார்வை போன இடத்துக்கு என் பார்வையும் போனது. மேஜைமேல் வைத்திருந்த கைகள். ஐந்தும் ஐந்தும். நகம் இருந்தது. தரையில் நிழல் இருந்தது.

"இன்னும் ஆணி பிடுங்கிட்டிருக்கோம் மேடம்" என்றது போன். "கதவு திறக்கல."

இருபது செகண்ட். அசைந்தால்தான் ஏதாவது வரும், மூச்சு விட்டால்கூடப் போதும் என்றார் தம்பி. லாரி நின்றதும் ஒன்றுமே வரவில்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருந்தது லாரிதான், அவர் இல்லை.

தம்பிக்கும் தெரிந்துவிட்டது. நீட்டிய கை அப்படியே கீழே விழுந்தது. "வேணாம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. திரையில் அந்த முகம் இதமாகத் தலையாட்டியது. சிமிட்டியது. மறுபடி ஆட்டியது. என் ஆயுசில் எந்த முகத்தையும் நான் அப்படி வெறுத்ததில்லை. அதைச் செய்யச் சொன்னவர் மூலையில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடப்பாரைச் சத்தம். பலகை பிளக்கும் சத்தம். "தாழ்ப்பாள எடுங்க! எடுங்கய்யா!" இரும்பு கிறீச்சிட்டது. "ஹெட்செட்டோட விழுந்து கிடக்காங்க. தூக்கு, வெளிய தூக்கு. ஆக்சிஜன் கொண்டா." அப்புறம் போனில் எதுவும் புரியவில்லை. திரையில் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் அத்தான் கையைப் பிடித்திருந்தேன் என்பது அவர் விரலை விடுவித்துக்கொள்ள முயன்றபோதுதான் தெரிந்தது.

"நிழல்" என்றார் அத்தான்.

நிழலைக் காணவில்லை. அடுத்து ஷூ போனது. கால் போனது. பத்து விரலும் ஒட்டித் துடுப்பானது. கண்ணாடி, நரைமுடி, கண், மூக்கு எல்லாம் துடைத்தாற்போலப் போய், ஒரு மொட்டை முட்டை அரை உடம்போடு அந்தரத்தில் நின்றது. கண்டபடி கோணியது. தோள் இரண்டும் ஏறின, இறங்கின. மறுபடி ஏறின.

"மூச்சு விடுறா" என்றார் தம்பி. "மூச்சு விடுறா சார்."

அந்த மொட்டை முகத்திலிருந்து ஓர் இருமல் வந்தது. கரகரவென்று, நீளமாக, அசிங்கமான இருமல். இன்ஸ்பெக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். தம்பி திரைக்கு அருகே போய் மண்டியிட்டு, "அக்கா, தெரியாம சொல்லிட்டேன் அக்கா, நேத்து தெரியாம சொல்லிட்டேன்" என்றார்.

முட்டை சிறிது நேரம் மூச்சு வாங்கியது. பிறகு அறுந்து அறுந்து ஒரு குரல் வந்தது.

"யாரும்... கையெழுத்துப் போட்டுடலயே?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்றது அது. துடுப்புக் கையைத் தூக்கி, மூக்கு இல்லாத இடத்தில் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டது.